நீஸ் நகரின் மசேனா மாளிகையைப் பார்த்தவர்கள் உதவ முடியுமா?

குழுவினருக்கு வணக்கம். குடியிருந்த வீடுகள் ஊர் அருங்காட்சியகங்களாக மாறிய விதம் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அதற்காக, பிரான்சின் நீஸ் நகரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் மசேனா மாளிகைக்குச் சென்றுவந்தவர்களின் உதவி தேவைப்படுகிறது.

நெப்போலியனின் தளபதிகளுள் ஒருவரான மார்ஷல் மசேனாவின் பேரன் விக்டர், 1898க்கும் 1901க்கும் இடையில் கட்டிய இந்தக் குளிர்கால இல்லத்தை, அவருடைய மகன் 1919இல், அருங்காட்சியகமாக்கி மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று சொல்லி நகராட்சிக்குக் கொடுத்தார். 1921இல் அது திறக்கப்பட்டது.

கீழ்த்தளக் கூடங்கள் பழைய அலங்காரத்தோடு இருப்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். நகர வரலாற்றைச் சொல்லும் மேல்தளங்கள்தான் எனக்குப் பிடிபடவில்லை. அங்கே படுக்கையறையாக இருந்ததன் தடயம், ஒரு கணப்பு அடுப்போ கதவின் கைப்பிடியோ, ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? கடல் பக்கத்து ஜன்னல்கள் திறந்திருந்தனவா, திரையிட்டிருந்தனவா? ஓவியங்களுக்கு வெயில் ஆகாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் கடலைப் பார்ப்பதற்கென்றே கட்டிய வீட்டில் ஜன்னலை அடைத்துவிட்டால் பாதி வீடு காணாமற்போனதாகவே எனக்குப் படுகிறது.

அங்கே காட்சிக்கு இருக்கும், நெப்போலியனின் மனைவி ஜோசபினின் தலையணியைப் பற்றித் தகவல் வேண்டாம், அது நிறையவே கிடைக்கிறது. மேல்தள அறைகளையும் விளக்கப் பலகைகளையும் நீங்களே எடுத்த படங்கள் இருந்தால் அன்புகூர்ந்து அனுப்புங்கள். உங்கள் அனுமதியின்றி எதையும் வெளியிடமாட்டேன்.