ஸ்கைலைன்ஸ் 2 மேல இன்னும் கோபம் தீரல

சாலைப்பித்தன்:

நகரம் கட்டற கேமான சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ் 2 பத்தி "போகப் போகச் சரியாயிடும்"னு இன்னும் சொல்லிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். கேம் வந்தது 2023 அக்டோபர் 24. இதைச் செஞ்ச கொலோசல் ஆர்டரும் வெளியிட்ட பாரடாக்ஸும் பிரியறோம்னு அறிவிச்சது 2025 நவம்பர். 2026 தொடக்கத்துல இருந்து கேம் ஐஸ்ஃப்ளேக் ஸ்டூடியோஸ் பொறுப்பு. சிட்டிஸ் இன் மோஷன்னு முந்தைய கேம் காலத்துல இருந்து சேர்ந்து வேலை பார்த்த ரெண்டு கம்பெனி இவங்க. அவங்களே பிரியற அளவுக்கு வந்த பிறகும் "சின்னச் சின்ன பக் தான்"னு சொன்னா எப்படி?

எல்லாரும் ஃப்ரேம் ரேட்டைத் (திரையில படம் ஓடற வேகம்) திட்டினாங்க. என் வருத்தம் அது இல்ல. பட்ஜெட் பேனலைத் திறந்து பாருங்க, இல்ல, முதல் சில மாசத்துல எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. வருமானப் பக்கத்துல அரசு மானியம்னு ஒரு வரி இருக்கும். தேவையே இல்லாத இடத்துல ஆஸ்பத்திரி கட்டு, வரியைக் குறை, பஸ் டிப்போவை நாலு மூலையிலயும் வை. பட்ஜெட்ல பள்ளம் விழ விழ அந்த மானியம் பெருசாகிட்டே வரும். அது போக ஊர் வளர வளர வர்ற ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும் கட்டுக் கட்டாப் பணம். தோக்கவே முடியாத ஊர். நகரம் கட்டற கேம்ல நாம எடுக்கற முடிவுக்கு விலை இல்லைன்னா அங்க என்ன விளையாட்டு? வெறும் பொம்மை வீடு. எட்டு வருஷம் காத்திருந்தது இதுக்காக இல்ல.

மெட்ரோமணி:

ப்ரோ, நீங்க சொல்றது 2023 கேம். 2024 ஜூன்ல எகானமி 2.0 பேட்ச் (கேமைத் திருத்தற அப்டேட்) வந்துச்சு. அரசு மானியத்தையே தூக்கிட்டாங்க. பக்கத்து ஊர்ல இருந்து ஆம்புலன்ஸ், குப்பை லாரி வந்தா அதுக்குக் காசு கட்டணும். ஊர் முழுக்க "வாடகை அதிகம்"னு ஐகான் பூத்துக் கிடந்துச்சே, அதுக்காகக் கண்ணுக்குத் தெரியாத வீட்டு ஓனரையே சிமுலேஷன்ல இருந்து எடுத்துட்டு, கட்டடப் பராமரிப்புச் செலவைக் குடியிருக்கறவங்க சமமாப் பங்கு போட்டுக்கற மாதிரி மாத்தினாங்க. அதுக்கப்புறம் பழைய சேவ் ஃபைலைத் திறந்தவங்கள்ல பல பேருக்கு ஊர் நஷ்டத்துல ஓடுச்சு. நீங்க கேட்ட "விலை" அதுதானே?

இன்னொன்னு. 2015ல வந்த முதல் பாகத்தை நாம ரொம்பத் தூக்கி வச்சுப் பேசறோம். அதுல ஒரே நேரத்துல தெருவுல நடமாடக்கூடிய ஆளுங்க 65,536 பேர்தான். அதுக்கு மேல ஊர் வளர்ந்தா மக்கள்தொகை எண் மட்டும் ஏறும், தெரு ஏறாது. டிராஃபிக்ல ரொம்ப நேரம் மாட்டின வண்டி பொசுக்குனு மறைஞ்சு போயிடும். ரெண்டாம் பாகத்துல அந்த உச்சவரம்பு இல்ல. ஒவ்வொரு ஆளும் நேரம், காசு, வசதி, எவ்வளவு ஒழுங்கா ஓட்ட முடியும்னு எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வழி தேர்ந்தெடுக்கறான். பார்க்கிங் கிடைக்காதுன்னா அதுவும் கணக்குல வரும்.

சாலைக் கருவிகளை எடுத்துக்குங்க. முதல் பாகத்துல ஒழுங்கான ரவுண்டானா வேணும்னா மோட் (ஆடறவங்களே செஞ்சு கேம்ல சேர்க்கற மாற்றம்) போடணும், இல்லன்னா கையால வளைச்சு வளைச்சு வரையணும். இங்க சந்திப்பு மேல ஒரு கிளிக், ரவுண்டானா ரெடி. நெடுஞ்சாலையை ரெண்டு பக்கமும் ஒரே இழுப்புல இணையா இழுக்கலாம். கரண்ட், தண்ணி, கழிவுநீர் மூணும் ரோட்டுக்கு அடியிலேயே போயிடுது. இதை அனுபவிச்சவன் திரும்பவும் முதல் பாகத்துக்குப் போறது கஷ்டம்.

வெர்டெக்ஸ் வேலு:

வழி தேடற பகுதி நிஜமாவே நல்ல வேலைன்னு மணி சொல்றதை ஏத்துக்கறேன். ஆனா ஃப்ரேம் ரேட் விஷயத்தை இவ்வளவு சுலபமா விட்டுட முடியாது. அதுல இருந்துதான் மத்தது எல்லாம் கிளம்புச்சு.

நடந்தது இதுதான். சிமுலேஷனுக்கு யூனிட்டிங்கற கேம் எஞ்சினோட புது டாட்ஸ் கட்டமைப்பை எடுத்தாங்க. லட்சக்கணக்கான ஆளுங்களை ஓட்ட அது சரியான முடிவு. படம் வரையற பக்கம் அந்தத் தொழில்நுட்பம் அன்னைக்கு முழுசா வளரல. அதனால ரெண்டையும் இணைக்கற வேலையை இவங்களே எழுத வேண்டியதாப் போச்சு. வெளியான அடுத்த மாசமே வெளியில இருந்து ஒரு புரோகிராமர் ஒவ்வொரு ஃப்ரேமாப் பிரிச்சுப் பார்த்து விளக்கமா எழுதினார். கேமரா பார்க்கற திசைக்கு வெளியில இருக்கறதை மட்டும்தான் கேம் கழிக்குது. ஒரு பெரிய கட்டடத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கறதைக் கழிக்கறது இல்ல. திரையில ஒரு புள்ளிகூடத் தெரியாத பொருளையும் வரையுது, அதோட நிழலையும் வரையுது.

அந்தப் பல் விவகாரம் எல்லாருக்கும் தெரியும். தெருவுல நடக்கற ஒவ்வொரு ஆளுக்கும் வாய்க்குள்ள தனித்தனியாப் பல் மாடல் பண்ணியிருந்தாங்க. நாம பார்க்கறது நூறு மீட்டர் உயரத்துல இருந்து. தூரம் போகப் போக மாடலை எளிமையாக்கற எல்ஓடி அந்த ஆளுங்களுக்கு இல்லவே இல்லை, வாய் திறக்கவே திறக்காத ஆளோட பல்லும் படம் வரையற சிப்பான ஜிபியுவுக்குப் போகுது. கம்பெனியும் எல்ஓடி இல்லாததை ஒத்துக்கிச்சு. பல் மட்டுமே காரணம்னு சொல்லல, கட்டடத்துல இருந்து வெட்டி அடுக்கின மரக்கட்டை வரைக்கும் இதே கதைதான். எல்ஓடி போடறது புதுக் கண்டுபிடிப்பு ஒன்னும் இல்ல. நேரம் கொடுத்தா முடியற வேலை, ரிலீசுக்கு முன்னாடி அந்த நேரத்தைக் கொடுக்கல. அதுதான் என் ஆதங்கம்.

பழைய மேயர்:

தம்பிகள் சிலருக்கு முன்கதை தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். 2013 மார்ச்சில், நகரம் கட்டும் கேமான சிம்சிட்டியின் புதிய பதிப்பு வந்தது. தனியாக விளையாடுவதற்குக்கூட எப்போதும் இணையத்தில் இருந்தாக வேண்டும். வெளியான வாரம் சர்வர்கள் தாங்கவில்லை, காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில்தான் ஊர். இணையம் இல்லாமல் ஆடும் வசதி வர ஓராண்டு ஆனது. 2015 மார்ச் தொடக்கத்தில் அதைச் செய்த மேக்சிஸின் எமரிவில் ஸ்டூடியோவை மூடினார்கள். அடுத்த சில நாளில், மார்ச் 10-ஆம் தேதி, ஃபின்லாந்தின் தாம்பெரே நகரத்திலிருந்து பதின்மூன்று பேர் செய்த ஸ்கைலைன்ஸ் வந்தது. பெரிய நிலம், இணையம் வேண்டாம், மோட் செய்து கொள்ளத் தடையில்லை. சிம்சிட்டி மறுத்ததையெல்லாம் கொடுத்ததால்தான் நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போனோம்.

அந்தக் குழுவுக்கு, பெரிய எதிரி ஒருவன் எப்படி விழுந்தான் என்பதை முன்வரிசையில் இருந்து பார்த்த அந்தக் குழுவுக்கு, தயாராகாத பொருளைக் கடையில் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை என்று வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு அவர்களே அறிக்கை விட்டார்கள். கன்சோல் பதிப்பை அதற்கு முன்பே தள்ளி வைத்திருந்தார்கள். தெரிந்தேதான் பிசி பதிப்பை விற்றார்கள். இலை போட்டு ஆளை உட்கார வைத்துவிட்டு உலையை அப்போதுதான் ஏற்றினார்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

மெட்ரோமணி:

ஐயா, தேதி யார் முடிவுன்னு நமக்குத் தெரியாது. முப்பது பேர் சுமார் இருக்கற குழு அது. பெரிய ஸ்டூடியோவோட அளவுகோலை வச்சு அளக்கறோம். 2024 ஜனவரியில அந்தக் கம்பெனித் தலைவி மரீனா ஹல்லிக்காய்னன், சமூகத்துல நச்சுப் பேச்சு கூடிட்டே போகுது, அது டெவலப்பர்களைப் பாதிக்குதுன்னு எழுத வேண்டிய நிலைமை வந்துச்சு. ஒரு கேம் பிடிக்கலன்னா ரீஃபண்ட் வாங்கிட்டுப் போகலாம். அதைச் செஞ்ச மனுஷங்களைத் தனிப்பட்ட முறையில கடிச்சுக் குதறினதுல நம்ம கூட்டத்துக்கும் பங்கு இருக்கு.

சாலைப்பித்தன்:

ஆளுங்களைத் திட்டினது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்தத் தலைவி எழுதினதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு என்ன வந்துச்சு மணி? பீச் ப்ராப்பர்ட்டீஸ். அடிப்படைக் கேமே தள்ளாடிட்டு இருக்கறப்போ பத்து டாலருக்கு டிஎல்சி (தனியா விற்கற கூடுதல் தொகுப்பு). பேர்ல பீச் இருக்கு, உள்ள கடற்கரை இல்ல. தண்ணியோரம் கட்ட சில வீடு, சில பனை மரம். குளிக்க ஒரு மணல் திட்டு, ஒரு நடைபாதைப் பலகை, ஒன்னும் கிடையாது. கேம் விற்கற ஸ்டீம் தளத்தோட வரலாற்றுலயே ரொம்பக் கீழ மதிப்பீடு வாங்கினதுல ஒன்னா ஆச்சு. ஏப்ரல்ல ரெண்டு கம்பெனியும் சேர்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதி, காசைத் திருப்பிக் கொடுத்து, அதை எல்லாருக்கும் இலவசமாக்கினாங்க. சின்னக் குழுன்னு நீங்க சொல்ற அதே ஆளுங்க நேரத்தை அந்த வீடுகளுக்குச் செலவழிச்சாங்களே, எல்ஓடிக்குச் செலவழிச்சிருக்கலாம் இல்ல?

கட்டடக் கயல்:

மாடல் செய்யறவங்களும் சிமுலேஷன் கோட் எழுதறவங்களும் வேற வேற ஆளுங்க, அதனால அந்த வாதம் முழுசா நிக்காதுங்க. ஆனா நீங்க யாருமே பேசாத ஒன்னைச் சொல்லணும். முதல் பாகம் பத்து வருஷம் வாழ்ந்தது கம்பெனியால மட்டும் இல்ல. டிராஃபிக் மேனேஜர், மூவ் இட், 81 டைல்ஸ்னு மோட் எழுதினவங்களாலயும், ஸ்டீம் வொர்க்‌ஷாப்ல கட்டடம் கட்டடமா ஏத்தினவங்களாலயும்தான்.

நான் அதுக்குச் செஞ்ச முதல் பொருள் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. நாலு கால், சுத்தி ஏறற இரும்பு ஏணி, கீழ ஒரு மோட்டார் ரூம். அடுத்தது டீக்கடை, முன்னாடி தகரப் பந்தலோட. பிளெண்டர்னு 3டி மென்பொருள்ல செஞ்சு, எஃப்பிஎக்ஸ் ஃபைலா எடுத்து, டெக்ஸ்சரை ஒரே படத்துல அடக்கி, தூரத்துக்குன்னு ஒரு சின்ன எல்ஓடி மாடல் தனியாச் செஞ்சு (வேலு அண்ணா, அதை நாங்க செஞ்சே ஆகணும்!), எடிட்டர்ல ஏத்தினா சில நிமிஷத்துல என் ஊர்ல நிக்கும். அமெரிக்கப் புறநகர் மாதிரியே இருந்த தெரு, அந்த ரெண்டு பொருள் வந்ததும் நம்ம பக்கத்துத் தெரு மாதிரி மாறிடுச்சு. போக்குவரத்தை இடதுபக்கம் மாத்தற வசதி ஏற்கனவே இருந்துச்சு. மிச்சத்தை நாமளே சேர்த்துக்கிட்டோம்.

ரெண்டாம் பாகம் வந்தப்போ மோட் வசதியே இல்ல. கோட் மோடும் மேப் எடிட்டரும் 2024 மார்ச்ல பீட்டாவா (சோதனைப் பதிப்பா) வந்துச்சு. சொந்தக் கட்டடம் ஏத்தற அசெட் எடிட்டர் அந்த வருஷம் முழுக்க வரல. வொர்க்‌ஷாப்புக்குப் பதிலா பாரடாக்ஸோட சொந்தத் தளமான பாரடாக்ஸ் மோட்ஸ் மட்டும். கன்சோல்காரங்களுக்கும் மோட் கிடைக்கணும்னு அப்படிச் செஞ்சாங்க, அந்த நோக்கம் நல்லதுதான். இலவசமாக் கொடுத்த பிராந்தியத் தொகுப்புகள் நிஜமாவே அருமை. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், சீனா, கிழக்கு ஐரோப்பா, அமெரிக்காவுக்கு ரெண்டு. செஞ்சவங்க முதல் பாகத்து மோடர்களே. நம்ம ஊருக்கு ஒன்னும் இல்ல. முதல் பாகத்துல அது குறையாத் தெரியல, ஏன்னா நாமளே செஞ்சுக்க முடிஞ்சது. இங்க கருவியைக் கொடுக்காம, வெறும் கையோட காத்திருக்க வச்சாங்க. அந்தக் காத்திருப்புல எத்தனை மாடலர்கள் வேற கேமுக்குப் போயிட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச வட்டத்தை வச்சே சொல்ல முடியும். சேமிச்ச ஊரை பேட்ச் போட்டுச் சரி பண்ணலாம். போன ஆளுங்களைப் பேட்ச் போட்டுக் கொண்டுவர முடியாது.

வெர்டெக்ஸ் வேலு:

கயல் சொன்னதோட முழுக்க ஒத்துப்போறேன். மோடர்கள் இருந்திருந்தா மானியம் விவகாரத்துக்கு ரெண்டே வாரத்துல ஒரு மோட் வந்திருக்கும், எகானமி 2.0 வரைக்கும் எட்டு மாசம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்ல.

மெட்ரோமணி:

கயல் சொல்ற இழப்பு பெரிசுதான், எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா இன்னைக்கு ஒருத்தர் புதுசா நகரம் கட்ட வந்து எதை வாங்கறதுன்னு கேட்டா நான் ரெண்டாம் பாகத்தைத்தான் காட்டுவேன். கட்டறதுக்கு 441 டைல் (நிலத் துண்டு). பிசியில முதல் பாகத்துல மோட் இல்லாம வெறும் 9. ஒரு ஊர், பக்கத்துல துறைமுகம், நடுவுல வயல், அந்தப் பக்கம் இன்னொரு ஊர்னு ஒரு மாவட்டத்தையே கட்டற அளவு நிலம். பிரிட்ஜஸ் அண்டு போர்ட்ஸ் டிஎல்சி தள்ளித் தள்ளி 2025 அக்டோபர்லதான் வந்துச்சு. வந்தப்போ கேட்ட காசுக்கு உள்ள சரக்கு இருந்துச்சு.

பழைய மேயர்:

மணி, நிலத்தின் அளவைக் காட்டி வாங்கச் சொல்லாதீர்கள். புதிதாக வருபவரிடம் எந்த மாதிரி கணினி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். வெளியான நாளில் கம்பெனி கொடுத்த ஆலோசனையே ரெசல்யூஷனை 1080-க்கு இறக்கு, தூரத்தை மங்கலாக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டை அணை, மூடுபனி, ஒளி காட்டும் வால்யூமெட்ரிக்ஸை அணை என்பதுதான். பேட்ச்களுக்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் ஊர் இரண்டு லட்சம் பேரைத் தாண்டினால் ப்ராசஸர் மூச்சு வாங்கும், கடிகாரம் மெதுவாகும். சாதாரண லேப்டாப் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு நான் இன்றும் முதல் பாகத்தையே சொல்வேன்.

சாலைப்பித்தன்:

நான் மேயர் ஐயா பக்கம். ஐஸ்ஃப்ளேக் கிட்ட நான் எதிர்பார்க்கறது ஒன்னே ஒன்னு: அசெட் எடிட்டரையும் சிமுலேஷனையும் ஒழுங்குபடுத்தற வரைக்கும் காசுக்கு எந்த டிஎல்சியும் வேண்டாம்.

மெட்ரோமணி:

டிஎல்சி விற்காம அந்தக் குழுவுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? அதை நிறுத்தினா ஒரே வருஷத்துல கேமையும் நிறுத்திடுவாங்க. எனக்கு அந்தப் பயம்தான் பெரிசு.

கட்டடக் கயல்:

விற்கட்டும் மணி. ஆனா முதல்ல எடிட்டர். மாடல் எல்லாம் என்கிட்ட ரெடியா இருக்கு, ஏத்த வழி நிலையா இருந்தாப் போதும்.