நவம்பர் ஆட்டங்களை எவ்வளவு நம்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சீசன் தொடக்கத் தரவரிசையை வைத்து எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். உங்கள் உதவி வேண்டும்.

2019 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் இருந்த கென்டக்கியை அதன் சொந்த அரங்கிலேயே எவான்ஸ்வில் 67-64 என்று வீழ்த்தியது. இரண்டு வாரம் கழித்து, அப்போது முதலிடத்தில் இருந்த டியூக், சொந்த ஊரில் ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழக அணியிடம் கூடுதல் நேரத்தில் 85-83 என்று தோற்றது. அந்த வாரங்களில் இரண்டும் ஒரே மாதிரி அதிர்ச்சிதான். ஆனால் ஆஸ்டின் அணி சீசனை 28 வெற்றி, 3 தோல்வி என்று முடித்தது. எவான்ஸ்வில் தன் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் தொடர்ந்து மோதும் கல்லூரிகளின் குழுவில்) ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றது!

அதனால்தான் ஒரு வெற்றியை வைத்து ஓர் அணியைப் பத்து இடம் தூக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சீசனுக்கு முந்தைய பட்டியலும் அப்படித்தான். 2022-23இல் முதலிடத்தில் தொடங்கிய வட கரோலினா சீசன் இறுதியில் 68 அணிகள் ஆடிய மார்ச் சாம்பியன்ஷிப் போட்டிக்கே தேர்வாகவில்லை. என்னோடு வாதிடும் நண்பர்களோ, ஆடியதை வைத்துத்தானே மதிப்பிட முடியும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

சொந்தமாக வாராந்திரப் பட்டியல் போடுபவர்கள் எத்தனை ஆட்டம் வரை பொறுத்திருப்பீர்கள்? இரு அணிக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்தில் வரும் தோல்வியையும் வெளியூர்த் தோல்வியையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்? அப்புறம், ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசைக்கு வாக்களிக்கும் செய்தியாளர்களின் பழைய வாராந்திர வாக்குகள் ஒரே இடத்தில் கிடைக்குமா? இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.