டி750 கேமராவில் சென்சாரை மட்டும் மாற்ற இயலுமா?

யமுனைக்கரை (மயூர் விகார், தில்லி):
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நிக்கான் டி750 பாடியும் 200-500 எம்எம் லென்ஸும் உள்ளன. குளிர்காலக் காலைகளில் யமுனைப் படித்துறைக்கு வரும் கடற்காகங்களைப் பனிமூட்டத்தில் எடுப்பதற்கு ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) 6400-க்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இறகு வரிகள் நாய்ஸில் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) கரைந்துவிடுகின்றன. கணினியில் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றுவது போல, இதில் சென்சாரையோ (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) பிராசஸரையோ மட்டும் மாற்ற வழி உண்டா? இன்னும் நன்றாக உழைக்கும் கேமராவை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை.

கரோல்பாக் ரசிகன்:
வணக்கம். மாற்ற இயலாது. டி750-இன் எக்ஸ்பீட் 4 பிராசஸர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது; அதன் ஃபர்ம்வேரும் (கேமராவை இயக்கும் உள் மென்பொருள்) அந்த 24 மெகாபிக்சல் சென்சார் ஒன்றுக்காகவே எழுதப்பட்டது. புதிய சென்சாரைப் பொருத்தினால், அது வெளியிடும் தரவின் வேகம், மின்சாரத் தேவை, வெப்பம் ஆகிய எதற்கும் பழைய போர்டு ஈடுகொடுக்காது. மேலும், லென்ஸ் மவுண்டிலிருந்து சரியாக 46.5 மில்லிமீட்டர் தொலைவில் சென்சார் சிறிதும் சாயாமல் அமர வேண்டும். மயிரிழை பிசகினாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும். சர்வீஸ் சென்டரில் அதே வகைச் சென்சாரை மாற்றித் தருவார்கள் என்றாலும், அது பழுதுபார்ப்புதானே தவிர அப்கிரேடு ஆகாது. மெமரி கார்டிலும் இதே நிலைதான்: ஸ்லாட் யுஎச்எஸ்-1 என்ற வேகத் தரம் கொண்டது என்பதால், அதைவிட வேகமான யுஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் வேகம் கூடாது.

பழைய லென்ஸ்:
மேலே கூறியது டி750-க்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் எல்லாக் கேமராக்களுக்கும் அப்படியல்ல. 1957 முதல் வந்த ஹாஸல்பிளாட் வி வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில், 2024-இல் வெளிவந்த 100 மெகாபிக்சல் டிஜிட்டல் பேக்கை (சென்சார் அடங்கிய பின்பெட்டி) பொருத்த முடிகிறது. ஃபிலிம் பெட்டியைக் கழற்றி மாட்டுவதற்கென்றே அவை வடிவமைக்கப்பட்டதால் வந்த பயன் இது. லென்ஸையும் சென்சாரையும் ஒரே பெட்டியாகக் கழற்றி மாற்றும் ஜிஎக்ஸ்ஆர் கேமராவை ரிக்கோ 2009-இல் கொண்டுவந்தது, அம்முறை நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க யார் விரும்புவார்கள்?

இன்று உண்மையான அப்கிரேடு ஃபர்ம்வேர் வழியாகவே கிடைக்கிறது. 2021-இல் வெளிவந்த நிக்கானின் மிரர்லெஸ் கேமராவான இசட்9-க்குப் பறவைகளைத் தனியாக அடையாளம் காணும் ஃபோகஸ் வசதி 2023-இல்தான், அதுவும் இலவசமாக, வந்து சேர்ந்தது. பாடி வாங்குபவர்கள் நிறுவனத்தின் ஃபர்ம்வேர் வரலாற்றையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாந்தினி சௌக் வாசகர்:
இப்போதைக்குப் புதிய பாடி வாங்காமலேயே ஒரு வழி உள்ளது. ரா கோப்பாக (சென்சார் தரும் மூலத் தரவு) எடுங்கள். லைட்ரூம் படத்திருத்த மென்பொருளில் 2023 முதல் உள்ள, நாய்ஸை நீக்கும் ஏஐ டீனாய்ஸில் அதைச் செலுத்திப் பாருங்கள். உங்கள் பழைய கடற்காகப் படங்களுக்கும் இது பயன்படும்.

ஷட்டர் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டி750-இன் ஷட்டர் 1,50,000 படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. ஒரே சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை 1/4000 நொடியில் எடுத்து, படத்தின் ஓர் ஓரம் கருத்திருந்தால் ஷட்டர் தளர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். கூச்சா சௌத்ரி கேமரா சந்தையில் அதை மாற்றித் தருகிறார்கள். கேமராவைத் திரும்ப வாங்கும்போது இதே சுவர்ச் சோதனையை அங்கேயே செய்து பார்த்துவிடுங்கள்.

யமுனைக்கரை:
மிக்க நன்றி. இந்தக் குளிர்காலத்தை டி750-உடனேயே கழித்துவிடுகிறேன். பின்னர் இசட் வகைப் பாடிக்கு மாறினால், இந்த 200-500 லென்ஸும் என்னிடமுள்ள 50 எம்எம் ஏஎஃப்-டி லென்ஸும் பயன்படுமா?

பழைய லென்ஸ்:
பழைய நிக்கான் லென்ஸ்களை இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் 200-500-இல் ஆட்டோஃபோகஸ் அப்படியே வேலை செய்யும், ஏனெனில் அதற்குள்ளேயே மோட்டார் உண்டு. உள்ளே மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸைத் திருகும் மோட்டார் அடாப்டரில் இல்லை. ஆகவே 50 எம்எம்மைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அதை விற்றுவிடாமல், அந்த மோட்டார் உள்ள டி750-உடனேயே வைத்துக்கொள்ளுங்கள்.