மாடல் ரயில் பாயிண்ட் மாத்தறதுக்கு எந்த கன்ட்ரோல் போடறதுங்க?

வணக்கமுங்க. ஈரோட்டுல மாடி ரூம்ல எட்டுக்கு நாலடி பிளைவுட்ல ஹெச்ஓ சைஸ் மாடல் ரயில் லேஅவுட் போட்டிருக்கேன், மொத்தம் 7 பாயிண்ட் (வண்டியைத் தடம் மாத்தி உடற எடம்), எல்லாம் ரெண்டு காயில் சாலினாய்டு மோட்டார் (கரண்டு குடுத்தா காந்தமாகி பாயிண்ட்டை இழுக்கறது). மொதல்ல லைட்டுக்குப் போடற சாதா சுவிட்ச்சையே போட்டேன், பையன் ஆன்லயே உட்டுட்டுப் போயிட்டான், ஒரு காயில் கருகி ரூமெல்லாம் வார்னிஷ் நாத்தம். தப்பு எம்மேலதான், சாலினாய்டுக்கு ஒரு நொடி கரண்டு போதும்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

அப்பறம் புஷ் பட்டன், 16 வோல்ட் ஏசி, 1 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர். ஒத்தப் பாயிண்ட் டக்குனு அடிக்குது, ஆனா கிராஸ்ஓவர்ல (பக்கத்துத் தடத்துக்கு மாற ரெண்டு பாயிண்ட் சேந்த எடம்) ரெண்டும் சேந்து அடிக்கோணுமில்லீங்க, அதுல ஒண்ணு பாதில நின்னு வண்டி தடம் பொறளுது. 2200 மைக்ரோஃபாரட்ல சிடியு (கெப்பாசிட்டர்ல கரண்டை சேத்து வெச்சு ஒரே அடியா உடற சர்க்யூட்) ஒண்ணு சால்டர் பண்ணிப் பாத்தாச்சு, பத்துக்கு ஏழு வாட்டி சரி, மூணு வாட்டி சண்டித்தனம். பேனல்ல இருந்து சுத்தி வர்ற வயர் 5 மீட்டர், மெல்லிசு டெலிபோன் வயர். சிடியுவை காயில்கிட்டயே கொண்டுபோயி தொட்டா மட்டும் கணீர்னு அடிக்குது. ரெண்டு மாசமா இதே ரோதனை.

ஸ்டால் மோட்டார்னா (பாயிண்ட்டை மெதுவா தள்ளி முட்டி நின்னுக்கற மோட்டார்) கரண்டு போயிட்டே இருந்தாலும் கருகாது, சரி, ஆனா ஏழும் வாங்குனா ஊட்டுக்காரி என்னையும் லேஅவுட்டையும் சேத்து வெளிய வெச்சுருவா.

ஏனுங்க, தடிமன் வயரும் 4700 கெப்பாசிட்டரும் போட்டு இதையே ஓட்டலாமா, இல்ல கிராஸ்ஓவர் ரெண்டுக்கு மட்டுமாச்சும் ஸ்டால் மோட்டார் போட்டே ஆகோணுங்களா?