போடோசைட் காயம்: கிளினிக்கிலும் பயொப்சியிலும் காண்பவை

வடலி:
எஃப்எஸ்ஜிஎஸ் (சிறுநீரக வடிகட்டிகள் சிலவற்றில் பகுதித் தழும்பு) என்று பயொப்சி அறிக்கை வந்ததும் ஸ்ரெரொயிட் தொடங்கிவிடுவதைக் காண்கிறோம். அறிக்கை காட்டுவது தழும்பை மட்டும். வடிகட்டியின் நுண்குழாய்களைப் பாதங்களால் மூடியிருக்கும் போடோசைட் என்ற கலம் எதனால் காயப்பட்டது என்பதை அது தனியே சொல்லாது. முதிர்ந்த போடோசைட் பிரிந்து பெருகாத கலம். ஒன்று கழன்று சலத்தோடு போனால் அயலில் உள்ளவை பாதங்களை நீட்டி இடைவெளியை மூடப் பார்க்கும். முடியாதபோது வடிகட்டியைச் சுற்றியுள்ள போமன் உறையின் சுவர்க் கலங்கள் வந்து ஒட்டும்; தழும்பு அங்கே தொடங்கும். 2005இல் எலிகளில் காட்டிய கணக்கு இது: இழப்பு 20 சதவீதத்துக்குள் என்றால் மெசாஞ்சிய (நுண்குழாய்களுக்கு இடையே உள்ள திசுவின்) விரிவோடு நிற்கும், 20 முதல் 40 வரை ஒட்டுகளும் பகுதித் தழும்பும், அதற்கு மேலே கடும் புரதக் கசிவும் செயலிழப்பும்.

ஆகவே முதலில் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பாருங்கள். திடீர்க் கால்வீக்கம், அல்புமின் 30 கி/லீக்குக் கீழே, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பாதங்கள் எங்கும் தட்டையாகியிருந்தால் முதல்நிலை நோய் (வேறொன்றின் விளைவாக வராதது) என்று எண்ணலாம். உடற்பருமன், ஒற்றைச் சிறுநீரகம் போன்றவற்றின் விளைவாக வருவதில் நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சலத்தில் போனாலும் அல்புமின் பெரும்பாலும் விழாது, வீக்கமும் அரிது. அவர்களுக்கு ஸ்ரெரொயிட் வீண்.

கீரிமலை:
வடலி அண்ணை மரபணுவை விட்டுவிட்டார். ஸ்ரெரொயிட்டுக்கு மசியாத பிள்ளை என்றால், தாய் தகப்பன் மச்சான் மச்சாள் முறையில் கட்டியவர்களா என்று கேளுங்கள். போடோசைட் பாதங்களுக்கு இடையே உள்ள பிளவுச்சவ்வின் புரதங்களான நெஃப்ரின் (மரபணு தெரியவந்தது 1998), போடோசின் (2000) இரண்டிலும் பழுது ஒடுங்குமுறையில் வரும்: மரபணுவின் இரு பிரதிகளும் பிழைக்கவேண்டும். 2005இல் தெரியவந்த டிஆர்பிசி6 என்ற கல்சிய வாயில் வேறு வகை: ஒரு பிரதி பிழைத்தாலே போதும், கல்சியம் மிகையாக உள்ளே வரும். அது கல்சினியூரின் என்ற நொதியைத் தூண்டும். சட்டகத்தைத் தாங்கும் சினப்டோபோடின் புரதத்தின் பொஸ்பேற் நீங்கும். கதெப்சின் எல் என்ற நொதி அந்தச் சினப்டோபோடினை வெட்டும். கலத்தின் அக்ரின் (actin) இழைச் சட்டகம் சரியும். கல்சினியூரினைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து இந்தச் சங்கிலியைப் போடோசைட்டுக்குள்ளேயே தடுக்கும். நோயெதிர்ப்பை அடக்குவது மட்டுமே அதன் வேலை என்று நினைப்பது அரைகுறை.

ஆய்வுகூடத்தான்:
நோய் பத்தில் ஒரு குளோமெருலஸில்தான் (சிறுநீரக வடிகட்டி) இருந்தால், 10 குளோமெருலஸ் உள்ள துண்டில் அது தப்பிவிடும் வாய்ப்பு 35 சதவீதம். 20 இருந்தால் 12. தொடக்கத் தழும்பு மையவிழையத்தை (சிறுநீரகத்தின் உட்பகுதி) ஒட்டிய குளோமெருலஸ்களில் வருவதால் புறணியின் மேல் நுனியை மட்டும் எடுத்தால் ‘மினிமல் சேஞ்ச்’ (ஒளி நுணுக்குக்காட்டியில் தழும்பு தெரியாத நோய்) என்றே வரும். துண்டை மூன்றாகப் பிரியுங்கள்: ஒளி நுணுக்குக்காட்டிக்கு 10 சதவீத போமலின், இலத்திரனுக்கு 2.5 சதவீத குளுட்டரல்டிகைட்டில் 1 மில்லிமீற்றர் துண்டு, இம்யூனோபுளோரசென்சுக்கு (ஒளிரும் சாயத்தால் நோயெதிர்ப்புப் புரதங்களைப் பார்க்கும் சோதனை) மிஷெல் ஊடகம் என்ற பாதுகாப்புத் திரவம். போமலின் பட்ட இடுக்கியால் மூன்றாவதைத் தொடாதீர்கள், ஒளிர்வு கெட்டுவிடும். கொழும்புக்கு அனுப்புவதென்றால் சேலைனை நம்பவேண்டாம்.

தீவான்:
வவுனியா, வடமத்திய மாகாணச் சிறுநீரக நோயும் இதுவா?

வடலி:
இல்லை. அது குழாய்களையும் இடைத்திசுவையும் பிடிப்பது. புரதக் கசிவு குறைவு.

இன்னொன்று. முதல்நிலை நோய்க்கு ஸ்ரெரொயிட்டான பிரெட்னிசொலோன் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டாமல், குறைந்தது 4 வாரம்; கூடியது 16. தொடங்க முன் காசநோய், ஹெபடைற்றிஸ் பி, மலத்தில் ஸ்ரொங்கிலோயிடெஸ் பாருங்கள். தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு இந்தப் புழு இருந்து, ஸ்ரெரொயிட்டில் பெருகினால் உயிராபத்து. சோதிக்க வசதியில்லாவிட்டால் முன்கூட்டியே ஐவர்மெக்ரின் கொடுப்பதுதான் என் வாக்கு.