மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி: தேர்ச்சி விகிதத்தை வைத்து முடிவெடுக்கலாமா?

புளியந்தோப்பு அப்பா:

வணக்கம். என் மகள் சென்னை மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்பு முடிக்கப் போகிறாள். 9ஆம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று வீட்டில் தினமும் இதே பேச்சுதான். நடந்து போகிற தூரத்தில் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, ஆனால் அதன் பிளஸ் டூ தேர்ச்சி மாநில அளவைவிடக் குறைவு. இரண்டு தெரு தள்ளி ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி, வாசலிலேயே 100 சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். கடன் வாங்கியாவது அங்கே சேர்த்துவிடுங்கள், மாநகராட்சிப் பள்ளிக்கு எந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரியாதா மாமா என்கிறார் என் மச்சான். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், என் மனைவி இரண்டு வீட்டில் வேலை செய்கிறாள், அந்த மாதிரி வீடுதான் எங்களுடையதும். ஆனாலும் தேர்ச்சி குறைவு என்பதை எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது? பாடம் சரியாக நடத்துவதில்லை என்று அர்த்தமா, இல்லை வேறு காரணமா? மகளுக்கு டாக்டர் ஆக ஆசை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசென்னை டீச்சர்:

ஐயா, நான் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 100 சதவீதம் என்பது பரீட்சை எழுதியவர்களில் 100 சதவீதம். 9ஆம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பிளஸ் டூ எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாத் தனியார் பள்ளியையும் சொல்லவில்லை, ஆனால் காலாண்டு, அரையாண்டில் மார்க் குறைந்த பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பிள்ளைகள் ஜூன் மாதம் எங்களிடம்தான் வருவார்கள். நாங்கள் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம், அனுப்பவும் கூடாது. அப்புறம் அந்தப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் அது எங்கள் கணக்கில் ஏறும், அனுப்பிவிட்ட பள்ளியின் கணக்கில் ஏறாது.

அடுத்து, வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2025 பிளஸ் டூ முடிவில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். அதில் மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. ஒவ்வொரு வருடமும் இந்த இடைவெளி இருக்கிறது. ஆண்கள் பள்ளியையும் பெண்கள் பள்ளியையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது நியாயமே இல்லை. தொழிற்கல்விப் பிரிவின் தேர்ச்சியும் அறிவியல் பிரிவைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அந்தப் பிரிவை நடத்துவது பெரும்பாலும் எங்களைப் போன்ற பள்ளிகள்தான். என் வகுப்பில் ஒரு பையன் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் கூடை தூக்கிவிட்டு ஒன்பது மணிக்கு வருவான். ஐஸில் கிடந்த விரல்கள் வெடித்துப் போயிருக்கும், பேனாவை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் வைத்துத்தான் எழுதுவான். வகையிடல் கணக்கைப் போர்டில் நான் முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான், ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினால் கை வலிக்கிறது மிஸ் என்பான். அவன் போன்றவர்களை எந்த சதவீதம் காட்டும்?

இன்னொரு விஷயம், 2021 பிளஸ் டூ முடிவைத் தயவுசெய்து கணக்கில் எடுக்காதீர்கள், கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை, எல்லோருக்கும் பாஸ் போட்டார்கள்.

பெரும்பாக்கம் பொண்ணு:

அண்ணா, உங்கள் மகளுக்கு டாக்டர் ஆசை என்றால் இந்த நேரத்தில் அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றவே மாற்றாதீர்கள். மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேர்த்திதான். 2020இல் அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள், முதல் வருடத்திலேயே அது 300க்கு மேல் போனது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமும் போய்விடும்.

நான் மாநகராட்சிப் பள்ளியில்தான் படித்தேன். கூவம் கரையில் இருந்தோம், 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள், பள்ளிக்கூட வருடத்தின் பாதியில். நான் 7ஆம் வகுப்பு. பக்கத்தில் இடம் கிடைக்காமல் பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போய் வந்தோம், ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பஸ் பாஸ் இலவசம், ஆனால் நேரத்தை யார் தருவது? முதல் பீரியட் பாதி நாள் கிடைக்காது, அது எங்களுக்கு இங்கிலீஷ் பீரியட். எங்கள் வகுப்பில் இங்கிலீஷில் தவறியவர்கள் பெரும்பாலும் பஸ்ஸில் வந்தவர்கள்தான். இதை ஒரு தாளில் எழுதி ஹெச்.எம்.மிடம் கொடுத்தார் எங்கள் வகுப்பாசிரியர், அதற்கு அப்புறம் டைம்டேபிளை மாற்றி முதல் பீரியடில் பி.டி. போட்டார்கள். 2021இல் இன்ஜினியரிங்குக்கும் 7.5 வந்தது, கட்டணத்தை அரசே கட்டியது. இப்போது வேலையில் இருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

டீச்சர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மீதியில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. வருகிற பிள்ளைகள் ஏழை வீட்டுப் பிள்ளைகள், அதனால் தேர்ச்சி குறைவு என்று சொல்லிச் சொல்லியே பல பள்ளிகள் தப்பித்துக்கொள்கின்றன. அதே தெரு, அதே மாதிரி வீடுகள், ஆனால் ஒரு மாநகராட்சிப் பள்ளி வருடா வருடம் நன்றாகச் செய்கிறது, இன்னொன்று விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் அதற்குப் பெற்றோரின் தொழிலா காரணம்? இயற்பியலுக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதை நிரப்ப வேண்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எனவே மொத்த சதவீதத்தை விட்டுவிட்டுப் பாடவாரியாகக் கேளுங்கள் ஐயா. எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பேர் தவறியிருந்தால் வருகைப் பிரச்சினையாக இருக்கலாம், ஒரே பாடத்தில் கூட்டமாகத் தவறியிருந்தால் அந்த வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மூன்று வருட முடிவைச் சேர்த்துக் கேளுங்கள், முதல் குரூப் நடக்கிறதா, உயிரியலுக்கு ஆள் இருக்கிறாரா, லேப் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், அவர்களில் யாரையாவது பிடித்தால் போதும். மெட்ரிகுலேஷன் பள்ளியோடு ஒப்பிடாமல் உங்கள் பகுதியில் இருக்கிற இன்னொரு மாநகராட்சிப் பள்ளியோடு ஒப்பிடுங்கள்.

வடசென்னை டீச்சர்:

கணக்குப்பிள்ளை சார், இதில் எனக்கு மறுப்பே இல்லை. எங்கள் பள்ளியிலேயே ஒரு வருடம் வேதியியலுக்கு ஆள் இல்லாமல் இருந்தது, அந்த வருட முடிவு அப்படியே காட்டிக்கொடுத்தது. பிள்ளைகளின் நிலைமையைச் சொல்வது அவர்களுக்கு எங்கே கூடுதலாகக் கைகொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான், கைகழுவ இல்லை. பெரும்பாக்கம் பொண்ணின் பள்ளியில் டைம்டேபிளை மாற்றினார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

புளியந்தோப்பு அப்பா:

எல்லோருக்கும் நன்றி. 7.5 விஷயம் கேள்விப்பட்டிருக்கிறேன், 6ஆம் வகுப்பிலிருந்தே கணக்கு என்று தெரியாது. இவ்வளவு நாளும் அரசுப் பள்ளியில் படித்ததை நானே வீணாக்கியிருப்பேன். பாடவாரி முடிவு கேட்க இந்த வாரமே போகிறேன். ஒரு சந்தேகம், அவள் இதுவரை தமிழ் மீடியம், 9இல் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றலாமா?

வடசென்னை டீச்சர்:

அவளுக்கே விருப்பம் இருந்தால் தவிர மாற்றாதீர்கள் ஐயா. 9ஆம் வகுப்பில் பாடமும் கூடும், மொழியும் மாறினால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே திணறிப் போகும். நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இங்கிலீஷை ஒரு பாடமாக நன்றாகப் படிக்கட்டும், தினமும் அரைமணி நேரம் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. இப்போதைய பள்ளியில் டி.சி. வாங்கும்போதே 6 முதல் 8 வரை அங்கே படித்ததற்கான போனஃபைடு சான்றிதழையும் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் கேட்பார்கள், நான்கு வருடம் கழித்துப் போய் நின்றால் அலைய விடுவார்கள். பெயர் எழுத்து, பிறந்த தேதி எல்லாம் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.