மறு: மறு: [கலைச்சொல்] செல்லுக்குள் நடப்பது கடத்தலா?

மீ.த. | திங்கள் இரவு 9.10

குழுமத்தாருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் அறிவியல் இதழுக்காக உயிரியல் ஆய்வாளர் டோனி ஹன்டரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 1943இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், ஆஷ்ஃபோர்டில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், 1975இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர். இதுவரை பேனா தடுக்கவில்லை. அடுத்த வரியில் நின்றுவிட்டது. செல்லுக்கு வெளியே கிடைக்கும் சேதி உள்ளே எப்படிச் செயலாகிறது என்பதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். அந்தத் துறையின் பெயர் ‘சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்’. கைவசம் இருக்கிற சொற்பட்டியலில் ‘சமிக்ஞை கடத்தல்’ என்றிருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். “யாரும்மா யாரைக் கடத்தினாங்க?” என்றாள்.

வேறு சொல் உண்டா? கட்டுரையில் இது பதினோரு இடங்களில் வருகிறது. தயவுசெய்து வியாழனுக்குள்.

க.வெ. | திங்கள் இரவு 10.55

அம்மையீர், தங்கள் மகளாரின் ஐயம் நேரியது. ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டியது முதற்சொல்லைப் பற்றி. ‘சமிக்ஞை’யில் ககர மெய்யை அடுத்து ஞகரம் நிற்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்முன் தாம் மட்டுமே மயங்கும், அதாவது அடுத்துச் சேர்ந்து நிற்கும் என்பது இங்குள்ள எவருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. கிரந்த எழுத்து இல்லாததாலேயே ஒரு சொல் தமிழாகிவிடாது. ‘குறிகை’ என்று சிலர் எழுதுகின்றனர், அதுவும் பிழை. குறி என்பது ‘குறிக்கிறேன்’ என நடக்கும் வினை. இரு – இருக்கை, படு – படுக்கை, உடு – உடுக்கை என்பதுபோல் ‘குறிக்கை’ என்றே ஆக வேண்டும்.

‘தோனி அண்டர்’ எங்ஙனம் ஆய்ந்தார் என்பதையும் சற்று விளக்கினால் சொல்லாக்கத்துக்குத் துணையாகும்.

பு. | திங்கள் இரவு 11.02

ஐயா, தோனி என்று எழுதினால் பிள்ளைகள் விக்கெட் கீப்பரைத்தான் நினைப்பார்கள் :-)

ச.ர. | செவ்வாய் காலை 6.30

ஆய்வகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், பிழை பொறுக்கவும்.

வெவெ ஐயா கேட்டதற்காக (க.வெ. ஐயா, விரல் தவறிவிட்டது) கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் அதன் வேலை மாறும், கழற்றினால் பழையபடி ஆகும். இதை 1950களின் நடுவில் காட்டியவர்கள் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும். நோபல் கிடைத்தது 1992இல்தான். ஒட்டுகிற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் ஒட்டுவது செரின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஹன்டர் 1979இல் பாலியோமா வைரஸின் ஒரு புரதத்தை வைத்துக்கொண்டு, பாஸ்பேட் எதில் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். புரதத்தை அமிலத்தில் உடைத்து, மெல்லிய தட்டில் வைத்து, மின்புலத்தில் ஓடவிட வேண்டும். இதற்குத் தாங்கல் கரைசலின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 1.9 இருக்க வேண்டும். மனிதர் புதிதாகக் கலக்கச் சோம்பல்பட்டுப் பழைய கரைசலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார். அது 1.7க்கு இறங்கிவிட்டது. 1.9இல் பாஸ்போதிரியோனினும் பாஸ்போதைரோசினும் (பாஸ்பேட் ஏறிய திரியோனினும், பாஸ்பேட் ஏறிய தைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலமும்) ஒட்டிக்கொண்டே ஓடும், பிரித்துப் பார்க்க முடியாது. 1.7இல் பிரிந்துவிட்டன. எதிர்பாராத இடத்தில் ஒரு புள்ளி. தைரோசினாக இருக்குமோ என்று ஊகித்து, பாஸ்போதைரோசினைத் தானே செய்து பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். அதேதான்.

(என் மேசையில் யாரேனும் பழைய கரைசலை ஊற்றினால் நான் திட்டுவேன். இந்தக் கதையை மாணவர்களிடம் சொல்வதே இல்லை.)

பிறகு அவரும் பார்ட் செஃப்டனும் ரவுஸ் சார்கோமா வைரஸின் சார்க் புரதத்தை எடுத்தார்கள். கோழியில் புற்றை உண்டாக்கும் இந்த வைரஸை 1911இல் பேட்டன் ரவுஸ் காட்டினார், நோபல் 1966இல். ஐம்பத்தைந்து வருடம்! அந்தச் சார்க்கும் தைரோசினில் ஒட்டுகிற கைனேஸ் என்று தெரிந்தது. புற்றுநோய்க்கும் இந்தச் சின்ன ஒட்டு வேலைக்கும் நேரடி உறவு உண்டு என்று அப்போதுதான் பிடிபட்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘கடத்தல்’ தப்புத்தான், ஆனால் பாப்பா சொன்ன காரணத்துக்காக அல்ல. வெப்பக் கடத்தல், மின்கடத்தி எல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கம், அங்கே யாரும் சிரிப்பதில்லை. கடத்தினால் அதே பொருள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். இங்கே எதுவும் போவதில்லை. வளர்ச்சிக் காரணி (செல்லைப் பெருகச் சொல்லும் புரதம்) செல்லுக்கு வெளியிலேயே, சேதியை வாங்கும் செல்சவ்வுப் புரதமான ஏற்பியைத் தொட்டு நிற்கும். இரண்டு ஏற்பிகள் இணை சேர்ந்து, ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட் ஒட்டும். ஒட்டிய இடத்தில் வேறொரு புரதம் வந்து உட்காரும். அது ராஸைத் தட்டும் (இனி வருபவை எல்லாம் புரதங்களின் பெயர்கள்), ராஸ் ராஃபை, ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் உட்கருவுக்குள் போகும். ஒவ்வொரு படியிலும் ஆள் வேறு, வடிவம் வேறு, சேதி மட்டும் ஒன்று. ஓடுகிறேன், பஸ் வந்துவிட்டது.

யோ. | செவ்வாய் மாலை 4.15

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாங்கள் படிக்கிற காலத்தில் இவை எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. பொசுபோரிலேற்றம், நொதியம், கலமென்சவ்வு. ரோனி ஹன்ரரும் ரைரோசினும் எங்களுக்குச் சிக்கலே தரவில்லை. ‘சமிக்ஞை’யை வீதிச் சமிக்ஞை விளக்கில் சின்னப் பிள்ளையும் வாசிக்கும், அதை ஏன் தூக்கி எறிய வேணும் என்று விளங்கவில்லை. என்னுடைய கேள்வி வேறு. ‘செல்’ என்று எழுதுகிறீர்களே, அது எப்போது முடிவானது? கலம் இருக்கிறது, உயிரணு இருக்கிறது.

க.வெ. | செவ்வாய் இரவு 10.20

ச.ர. அவர்களின் விளக்கம் அருமை. ‘வெவெ’யை மன்னித்தேன்.

சொல்லின் வேரை அறியாமல் சொல் ஆக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. பாசுபரசு என்பது கிரேக்கத்தில் ‘ஒளி சுமப்பது’. ஆகவே பாசுபேட்டு ஏற்றுதல் ‘ஒளிசுமப்பேற்றம்’. தைரோசின் என்ற பெயர் 1846இல் லீபிக்கு என்னும் செருமானிய வேதியியலார் இட்டது, கிரேக்கத்தில் பாலாடைக்கட்டி என்னும் சொல்லிலிருந்து வந்தது. பாற்புரதத்திலிருந்து எடுத்தமையால் அப்பெயர். எனவே ‘பாற்கட்டியம்’. கைனேசு என்பதில் உள்ள வேர் ‘அசைத்தல்’. ஆக, அவர் கண்டது ‘பாற்கட்டிய ஒளிசுமப்பேற்ற அசைமம்’.

ம.ரா. | செவ்வாய் இரவு 10.41

ஐயா, பதினைந்து ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். இதைக் கரும்பலகையில் எழுதினால் பால் பண்ணைப் பாடம் என்று நினைத்துவிடுவார்கள். வேதிப்பொருள் பெயர்களைத் தொடாமல் விட்டுவிடலாமே. தைரோசின் தைரோசினாகவே இருக்கட்டும். செயலின் பெயர்தான் தமிழில் வேண்டும், ஏனென்றால் அதைத்தான் பிள்ளை வாக்கியத்தில் வைத்துப் பேசப்போகிறது.

‘குறி’யில் தொடங்குகிற எதுவும் வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். பதினேழு வயது வகுப்பில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பு. | செவ்வாய் இரவு 11.15

குறிக்கை/குறிகை பற்றி ஒன்று. க.வெ. ஐயாவின் விதிப்படி ‘அறிகிறேன்’ என நடக்கும் வினை ‘அறிகை’ என்று மட்டும்தான் ஆக வேண்டும். ஆனால் ‘அறிக்கை’ நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறதே? விதி அங்கே ஒழுகினால் இங்கேயும் ஒழுகட்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது ‘குறிப்பு’. வள்ளுவர் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார், பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. கூறாமை நோக்கிக் குறிப்பறிவான் – ஏற்பி செய்வது இதுதானே? வாய் திறக்காமல் வாசலில் நிற்பவனைப் பார்த்தே உள்ளே இருப்பவன் எழுந்துகொள்கிறான்.

க.வெ. | புதன் காலை 5.05

‘அறிக்கை’ அறிவித்தலிலிருந்து வந்தது, அறிதலிலிருந்தன்று. விதி ஒழுகவில்லை. நீர் ஏனத்தைச் சாய்த்துப் பிடிக்கிறீர்.

குறிப்பறிதல் நல்ல எடுத்துக்காட்டு. எனினும் வாழ்க்கைக் ‘குறிப்பு’ எழுதும் அம்மையார், அதே கட்டுரையில் செல்லின் ‘குறிப்பு’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவர். ‘சைகை’ ஆகலாம். செய்கை என்பதே சைகையாயிற்று என்பது என் துணிபு.

யோ. | புதன் காலை 8.30

சைகை செய்கையிலிருந்து வரவில்லை ஐயா. சஞ்ஞை, சன்னை, சைகை என்று வந்தது என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியென்றால் நீங்கள் வாசலால் துரத்திய ‘சமிக்ஞை’யே பின்கதவால் உள்ளுக்கு வந்திருக்கிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை.

கலம்/செல் பற்றி ஒருவரும் மறுமொழி தரவில்லை.

(இதன்பின் சைகையின் பிறப்பு குறித்து க.வெ., யோ. இருவருக்கும் இடையே நடந்த பதினான்கு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

மீ.த. | புதன் இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. பதினான்கு மடல்களையும் படித்தேன், கட்டுரையில் ஒரு வரிகூட நகரவில்லை.

ச.ர. சொன்ன ‘ஆள் வேறு, வடிவம் வேறு, சேதி ஒன்று’ என்ற வரி மனத்திலேயே நிற்கிறது. நாள் முழுக்க நான் செய்கிற வேலையே அதுதானே? ஒரு மொழியின் சொல் ஒன்றுகூட அடுத்த மொழிக்குள் போவதில்லை, வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே வேறு சொற்கள் எழுந்து அதே சேதியைச் சொல்கின்றன. அதை மொழிக்கடத்தல் என்று யாரும் சொல்வதில்லை, மொழிபெயர்ப்பு என்கிறோம். அப்படியானால் இது ‘சைகைப் பெயர்ப்பு’ ஆகாதா?

ச.ர. | புதன் இரவு 9.52

ஆஹா. ஒரு உபரி லாபமும் இருக்கிறது. வைரஸ் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துக்கொண்டுபோய் இன்னொன்றில் இறக்குகிறதே, 1952இல் ஜிண்டரும் லெடர்பெர்க்கும் கண்டது, அதற்கும் ஆங்கிலத்தில் இதே டிரான்ஸ்டக்‌ஷன்தான். அங்கே சரக்கு நிஜமாகவே போகிறது. ஆகவே ‘கடத்தல்’ அதற்கே இருக்கட்டும், பாப்பா கேட்ட அர்த்தத்திலும் பொருந்தும்! ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்பிக்கொண்டதை நாம் இரண்டாகப் பிரித்துவிடலாம்.

ம.ரா. | வியாழன் காலை 7.20

பெயர்ப்பு என்றதும் எனக்குப் பல்லைப் பெயர்ப்பதும் சுவரைப் பெயர்ப்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சைகைப் பெயர்ப்பு’ என்றால் சைகை மொழியில் பேசுபவரின் பக்கத்தில் நின்று சொல்பவர் என்றும் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். புற்றுநோயை எப்படி விளக்குவீர்கள் இதை வைத்து? கடத்தல் என்றாலாவது “நிற்காமல் கடத்திக்கொண்டே இருக்கிறது” எனலாம்.

ச.ர. | வியாழன் மதியம் 1.10

பெயர்ப்பை வைத்து இன்னும் நன்றாகவே விளக்கலாம் டீச்சர். நம் செல்லில் இருக்கும் இயல்பான சார்க்கின் வாலில் ஒரு தைரோசின் இருக்கிறது. அதில் பாஸ்பேட் ஏறினால் வால் மடிந்து நொதி பூட்டிக்கொள்ளும். வைரஸின் சார்க்கில் அந்த வால்நுனி இல்லை, பூட்டுவதற்கு இடமே இல்லை. வெளியே யாரும் பேசாதபோதும் உள்ளே மொழிபெயர்ப்பாளர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார், “பெருகு, பெருகு” என்று. மூலமே இல்லாத மொழிபெயர்ப்பு! ஒருவகை ரத்தப் புற்றில் பி.சி.ஆர்.–ஏபிஎல் என்ற தைரோசின் கைனேஸ் செய்வதும் இதே அடம்தான். அதன் வாயை அடைக்கிற இமாடினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹன்டரின் கட்டுரையில் இது கட்டாயம் வர வேண்டும். மருந்தைக் கண்டவர் அவர் அல்லர், ஆனால் தைரோசினில் ஒட்டும் கைனேஸ் என்று ஓர் இனம் உண்டு என்பது தெரிந்திராவிட்டால் எதை அடைப்பது?

பின்குறிப்பு: 1987இல் அவர் ‘ஆயிரத்தொரு புரதக் கைனேஸ்கள்’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 2002இல் அவரும் கூட்டாளிகளும் மனித மரபணுத்தொகுதியில் எண்ணிப் பார்த்தபோது 518தான் இருந்தன, அதில் தைரோசின் வகை 90. தன் கணக்கைத் தானே பாதியாகக் குறைத்துக்கொண்டவர். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

க.வெ. | வியாழன் மாலை 6.00

‘பெயர்ப்பு’ தூய சொல், ஏற்கிறேன். ‘சைகை’ என் வழியில் தூயது, யோ. அவர்கள் வழியில் தூயதன்று. தனி இழையில் தொடர்கிறேன். ‘ஒளிசுமப்பேற்ற’த்தைக் கைவிட்டதாக எவரும் எண்ண வேண்டா.

மட்டுறுத்துநர் | வியாழன் இரவு 9.00

‘சைகைப் பெயர்ப்பு’: ஆம் மூன்று (மீ.த., ச.ர., க.வெ.). எதிர்ப்பு ஒன்று (ம.ரா.). பு. ‘குறிப்புப் பெயர்ப்பு’க்கு வாக்களித்திருக்கிறார், அப்படி ஒரு சொல்லை யாரும் முன்மொழியவில்லை. சொற்பட்டியலில் ‘பரிந்துரை, முடிவன்று’ என்று சேர்த்திருக்கிறேன்.

மீ.த. | வெள்ளி காலை 11.30

அனுப்பிவிட்டேன். முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கத்துடன் ‘சைகைப் பெயர்ப்பு’. பாஸ்பேட் ஏற்றம், கைனேஸ், தைரோசின் அப்படியே. ஆசிரியர் குழு ஒரே ஒரு கேள்வி கேட்டது: பி.எச். 1.7க்கு இறங்கிய கதை உண்மைதானா, பிள்ளைகள் சோம்பேறித்தனத்தை நியாயப்படுத்திவிட மாட்டார்களா என்று. உண்மைதான் என்று மட்டும் பதில் எழுதினேன். மகளிடம் திரும்ப வாசித்துக் காட்டினேன். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. புரிந்ததா, அலுத்துவிட்டதா தெரியவில்லை.

யோ. | வெள்ளி மாலை 5.40

வாழ்த்துகள் மீ.த. கட்டுரை வந்ததும் கட்டாயம் வாசிப்பேன்.

ஐந்து நாளாக சைகைக்கும் பெயர்ப்புக்கும் அடிபட்டோம். அது நடக்கிற இடத்துக்கு மட்டும் ‘செல்’ என்றே போட்டு அனுப்பிவிட்டீர்கள், அப்படித்தானே?